பள்ளி எல்லையும் பள்ளி நேரமும் சேர்ந்து விவாதத்துக்கு வந்த ஆண்டு

வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள புறநகர்ப் பகுதிகளில் ஒன்றில் நாங்கள் வசிக்கிறோம். சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளி மாவட்டம், அதாவது எங்கள் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, இரண்டு பெரிய வேலைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டது. எந்தத் தெருவில் இருக்கும் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று வகுக்கும் எல்லைக் கோடுகளை மாற்றி வரைவது ஒன்று. உயர்நிலைப் பள்ளிகள் காலையில் தொடங்கும் நேரத்தைத் தள்ளி வைப்பது மற்றொன்று. முதல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஸ்கூல் போர்டு (மாவட்டத்தின் பள்ளிகளைப் பற்றி முடிவெடுக்கும் குழு) வாக்களித்த இரவு வரை இதில் கலந்துகொண்ட பெற்றோர் என்ற முறையில், இந்த நடைமுறை உள்ளே எப்படி ஓடுகிறது, எந்தக் கட்டத்தில் பெற்றோர் சொல்வது எடுபடுகிறது, எந்தக் கட்டத்தில் எடுபடாமல் போகிறது என்பதை எழுதி வைக்கிறேன். வேறு ஊர்களில் இதே நிலைமையை எதிர்நோக்கியிருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும்.

எல்லையை மாற்ற வேண்டிய தேவை கண்ணெதிரே தெரிந்தது. ஊரின் கிழக்குப் பக்கம் வயல்களும் காலி நிலங்களுமாக இருந்த இடமெல்லாம் டவுன்ஹவுஸ் எனப்படும் வரிசை வீட்டுக் குடியிருப்புகளாகிவிட்டதால், எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பின்புறத்தில் டிரெய்லர்களில் அமைத்த தற்காலிக வகுப்பறைகள் வரிசையாக நிற்கின்றன. மழை பெய்யும் நாட்களில் பிள்ளைகள் வகுப்புக்கும் கழிப்பறைக்கும் இடையே நனைந்துகொண்டு ஓடுகிறார்கள். சில மைல் தள்ளி, நெடுஞ்சாலைக்கு மேற்கே இருக்கும் பள்ளியிலோ முழு வகுப்பறைகளே காலியாகக் கிடக்கின்றன. புதிய பள்ளி கட்டுவதற்கு நிலம், கடன்பத்திரத்துக்கு வாக்காளர் ஒப்புதல், கட்டுமானம் என்று பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், கோட்டை நகர்த்துவதே மாவட்டத்தின் கையில் உடனே இருக்கும் வழி.

நேரத்தை மாற்றுவதற்கான காரணம் அந்த அளவுக்குப் பலருக்குத் தெரியவில்லை. பதின்ம வயதில் உடலில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே இரவில் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. பதினோரு மணிக்கு முன் படுத்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதில்லை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் சொல்லும்போது, ஏழே காலுக்கு மணி அடிக்கும் பள்ளிக்கு ஆறு மணிக்கே பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014ஆம் ஆண்டிலேயே, நடுநிலை மற்றும் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா 2019இல் இதற்கென்று சட்டமே இயற்றி, 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 8:30, நடுநிலைப் பள்ளிகளுக்கு 8:00 என்று நடைமுறைப்படுத்தியது. சியாட்டில் நகரம் 2016இல் 7:50ஐ 8:45 ஆக்கியபோது, அந்நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பள்ளி மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்து பார்த்தார்கள்; மாணவர்கள் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள். அந்த இரண்டில் வருமானம் குறைந்த குடும்பங்கள் அதிகமாக இருந்த பள்ளியில், வராமல் இருப்பதும் தாமதமாக வருவதும்கூடக் குறைந்தன. எனக்கு அந்த 34 நிமிடத்தைவிட இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியமாகப் பட்டது.

இரண்டு பிரச்சினைகளையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு பேருந்துதான் என்பது எங்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் தெரியவில்லை. அமெரிக்காவில் பல மாவட்டங்களில் ஒரே பேருந்தும் ஒரே ஓட்டுநரும் காலையில் மூன்று சுற்று ஓடுகிறார்கள்: முதலில் உயர்நிலைப் பள்ளி, அடுத்து நடுநிலைப் பள்ளி, கடைசியில் தொடக்கப் பள்ளி. உயர்நிலைப் பள்ளியைப் பின்னுக்குத் தள்ளினால் வேறு யாராவது முதல் சுற்றுக்கு வர வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி) 2015இல் உயர்நிலைப் பள்ளிகளை எட்டு மணியை ஒட்டிய நேரத்துக்கு மாற்றியபோது, 7:30க்குத் தொடங்கும் சுமை நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் மேல் விழுந்தது. எங்கள் ஊர்த் திட்டத்தில் அந்த இடம் தொடக்கப் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அக்டோபர் கடைசியில் இங்கே ஏழரை மணியளவில்தான் சூரியன் உதிக்கும். ஆறு வயதுக் குழந்தை இருட்டில் தெருமுனையில் நிற்க வேண்டும் என்ற செய்தி பரவியதும், நேரமாற்றத்தை ஆதரித்த பெற்றோரில் பலர் ஒரே வாரத்தில் எதிர்ப்பாளர்கள் ஆனார்கள்.

வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியின் தாழ்வாரத்தில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு நிற்கும் பெற்றோரிடையே அந்த மாதங்களில் வேறு பேச்சே இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் இளைய நண்பர் ஒருவர் மிகுந்த வருத்தத்தோடு, "அக்கா, இந்தப் பள்ளிக்காகத்தானே கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்த வீட்டை வாங்கினோம். இப்போது கோட்டை மாற்றினால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?" என்றார். அவர் வேதனை நியாயமானது; வீட்டுக் கடன் எழுதும்போது எல்லோரும் பள்ளி மதிப்பீட்டைப் பார்த்தே எழுதுகிறோம். ஆனால் குறிப்பிட்ட முகவரிக்குக் குறிப்பிட்ட பள்ளி என்று எந்தப் பத்திரமும் உறுதி தருவதில்லை. எல்லையை வகுக்கும் அதிகாரம் போர்டுடையது. வீட்டு விலையை முன்வைத்துப் பேசியவர்கள் ஒருவர்கூட அங்கே எதையும் பெறவில்லை என்பதை நான் நேரில் பார்த்தேன். போர்டு உறுப்பினர்கள் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். எந்தக் குறிப்பும் எடுக்கவில்லை.

முதல் கட்டம், வரைபடங்களைக் காட்சிக்கு வைக்கும் மாலைக் கூட்டம். ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் தாங்கிகள் மேல் நான்கு விதமான எல்லை வரைபடங்களை நிறுத்தி, ஒவ்வொன்றின் கீழும் அந்தத் திட்டப்படி எந்தப் பள்ளியில் எத்தனை சதவீதம் நிரம்பும், எத்தனை பிள்ளைகள் இடம் மாறுவார்கள் என்ற அட்டவணையை ஒட்டியிருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் தெருவைத் தேடிப் பிடித்து, நிறத்தைப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு ஒட்டுத்தாளில் எழுதிவிட்டுப் போனார்கள். அட்டவணையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருந்தது: இப்போது நடந்து போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் இனிப் பேருந்தில் போக வேண்டியிருக்கும் என்பது. மேசைக்குப் பின்னால் இருந்த திட்டமிடல் அலுவலரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் மிகவும் பொறுமையாக, மாவட்டம் முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதையும், எல்லை மாற்றம் என்பது அந்தக் கட்டங்களை எடுத்து வேறு பள்ளியில் வைப்பதுதான் என்பதையும், ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் உண்டு என்பதையும் விளக்கினார். எங்கள் கட்டத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்ததுதான் அந்த மாலையில் நான் செய்த உருப்படியான வேலை. அதற்குப் பிறகு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் "எங்கள் பகுதி" என்று எழுதாமல் கட்ட எண்ணைக் குறிப்பிட்டோம். அப்படி எழுதியவற்றுக்கே பதில் வந்தது.

அந்த எண்களை வைத்துக்கொண்டு சில குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. மாவட்டம் விரும்பிய மூன்றாவது வரைபடத்தில், இன்றைய பள்ளியிலிருந்து ஒன்றரை மைலுக்குள் இருந்து நடந்து போகும் ஒரு கட்டம் நெடுஞ்சாலைக்கு மேற்கே மாற்றப்பட்டிருந்தது. அதற்கு அடுத்திருந்த, ஏற்கெனவே பேருந்தில் போய்க்கொண்டிருக்கும் கட்டம் மாற்றப்படாமல் இருந்தது. நடக்கும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றினால் புதிய தடம் வேண்டும். புதிய தடம் நெடுஞ்சாலையைக் கடந்தால் சுற்றுகளுக்கு இடையே உள்ள அவகாசம் சுருங்கும். அவகாசம் சுருங்கினால் உயர்நிலைப் பள்ளியை 8:30க்குக் கொண்டுவரும் திட்டமே ஆட்டம் காணும். ஓட்டுநர்கள் போதாமல் மாவட்டங்கள் தவிக்கும் காலம் இது. இரண்டு கட்டங்களையும் ஒன்றுக்கொன்று மாற்றினால் இரு பள்ளிகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஒரு தடம் மிச்சமாகும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, நடைபாதையை நாங்களே நடந்து பார்த்து எடுத்த படங்களுடன் அனுப்பினோம். இந்த மாற்றத்தால் எங்கள் சொந்தக் கட்டம் மேற்கே போவது உறுதியாகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதைக் கடிதத்திலேயே எழுதினோம். எங்கள் சொல்லுக்குக் கிடைத்த மதிப்பில் பாதி அதனால் கிடைத்தது என்று நம்புகிறேன்.

இணையவழிக் கருத்துக்கணிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிரப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டும். பதிவு திறந்த சிறிது நேரத்திலேயே இடங்கள் நிரம்பிவிடும். பேசுபவர் முன்னால் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் எரியும். சிவப்பு எரிந்ததும் ஒலிவாங்கி நின்றுவிடும். அன்றிரவு பேசியவர்களில் என் மனத்தை விட்டு அகலாதவர், நெடுஞ்சாலை ஓரத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து மொழிபெயர்ப்பாளருடன் வந்திருந்த ஒரு தாய். வேலை முடிந்து தான் வீடு திரும்ப ஆறு மணி ஆகும் என்றும், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள்தான் தொடக்கப் பள்ளித் தம்பியைப் பேருந்திலிருந்து இறக்கி வீட்டுக்கு அழைத்துவருகிறாள் என்றும், மகளின் பள்ளி நான்கு மணியை ஒட்டி முடிந்தால் அந்தக் குழந்தையை யார் அழைத்துவருவார் என்றும் கேட்டார். நேரமாற்றத்தை எதிர்த்து அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தன் மகள் வகுப்பில் தூங்கி விழுவதையும் அவரே சொன்னார். தூக்கத்தைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் கையில் வைத்திருந்த எங்களிடம் அவர் கேள்விக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து எங்கள் கோரிக்கைப் பட்டியலில் தொடக்கப் பள்ளிகளில் மாலை நேரப் பராமரிப்பு, கட்டணச் சலுகையுடன், முதல் இடத்துக்கு வந்தது.

இன்னொரு முதியவர், கறுப்பினத்தவர், வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி 1959இல் வெள்ளைப் பிள்ளைகளுடன் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்து அரசுப் பள்ளிகளையே மூடி, 1964 வரை திறக்காமல் இருந்ததை நினைவூட்டினார். ஒரு கோட்டை எங்கே வரைகிறோம் என்பது யாரோடு யார் படிக்கலாம் என்ற கேள்வியாக இருந்த காலத்தை நேரில் கண்டவர் அவர். "மேற்குப் பள்ளி சரியில்லை" என்று எங்கள் பக்கத்தில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தது அதன் பின் வெகுவாகக் குறைந்தது. அந்தப் பள்ளியில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான மதிய உணவுச் சலுகை பெறும் பிள்ளைகள் அதிகம். அதைத் தவிர அதன்மேல் சொல்ல யாரிடமும் குறை இருக்கவில்லை.

கடைசிக் கட்டமான போர்டின் பணி அமர்வில் பொதுமக்கள் பேச முடியாது, உட்கார்ந்து கேட்கலாம். கண்டிப்பாகப் போய்க் கேட்க வேண்டியது அந்த அமர்வைத்தான், ஏனெனில் உண்மையான பேரம் அங்கேதான் நடக்கிறது. இரண்டு மாற்றங்களையும் ஒரே ஆகஸ்டில் செய்ய வேண்டும் என்று மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டெண்ட் பரிந்துரைத்திருந்தார். நாங்கள் முன்கூட்டியே ஒவ்வொரு உறுப்பினருக்கும் எழுதிய கடிதத்தில், கென்டக்கியின் ஜெஃபர்சன் கவுண்டியில் 2023 ஆகஸ்ட் 9 அன்று நடந்ததைக் குறிப்பிட்டிருந்தோம். தொடக்க நேரங்களை ஒன்பதாகப் பிரித்து, பேருந்துத் தடங்களையும் முழுதாக மாற்றி வரைந்து, இரண்டையும் பள்ளி திறக்கும் ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கடைசிப் பிள்ளைகள் வீடு சேர இரவு பத்து மணியை நெருங்கியது, மறுநாளிலிருந்து பள்ளிகளை மூடிவைக்க வேண்டியதாயிற்று. அந்த அமர்வில் ஓர் உறுப்பினர் இதை அப்படியே எடுத்துக் கேட்டார். போக்குவரத்துத் துறைப் பொறுப்பாளர் சிறிது யோசித்துவிட்டு, இரண்டையும் சேர்த்துச் செய்தால் தனக்குச் சோதனை ஓட்டம் நடத்த நேரம் இருக்காது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

முடிவு இப்படி அமைந்தது. எல்லை மாற்றம் இந்த ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நேரமாற்றம் ஓராண்டு தள்ளிப்போயிருக்கிறது. நடந்து போகும் கட்டம் பழைய பள்ளியிலேயே நின்றது, எங்கள் கட்டம் மேற்கே போனது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய பள்ளியிலேயே தொடரலாம் என்றார்கள். முதலில் இருந்த வரைவில் அவர்களுக்குப் பேருந்து கிடையாது. பேருந்து இல்லாத அனுமதி, கார் இருக்கும் வீட்டுக்கு மட்டுமே அனுமதி என்று பலர் எழுதியதன் பேரில், பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் நூலகம், சமூகக்கூடம் போன்ற பொது நிறுத்தங்களிலிருந்து பேருந்து விடச் சம்மதித்தார்கள். பதினொன்றாம் வகுப்புக்குக் கிடைக்கவில்லை; அதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் உண்டு, ஏனெனில் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து தொடர விரும்பிய பிள்ளைகளில் சிலர் அதனாலேயே மாறிப்போனார்கள்.

என் மகன் இப்போது மேற்குப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பழைய நண்பர்களைப் பிரிந்ததில் முதல் மாதம் மிகவும் வாடியிருந்தான். இசைக்குழுவில் சேர்ந்தபின் கொஞ்சம் தேறியிருக்கிறான். மாலை நேரப் பராமரிப்புக்கான கட்டணச் சலுகை அடுத்த நிதியாண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கப்படுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் குளிர்காலத்தில் வருகிறது; அந்தத் தாய்க்கும் எனக்கும் அடுத்தடுத்துப் பேச இடம் கிடைக்கும்படி, பதிவு திறக்கும் நாளிலேயே இருவர் பெயரையும் சேர்த்துக் கொடுப்பதாகப் பேசிவைத்திருக்கிறோம்.