பாமணி ஆற்றங்கரையில் மான்கொம்பு கேட்டுப் போனேன்

மன்னை எக்ஸ்பிரஸ் காலையில் மன்னார்குடியில் இறக்கிவிட்டது. துணி சுற்றிய கம்பு ஒரு கையில், பையில் ஒரு நோட்டு. அதில் மூன்றே வரி: மான்கொம்பு, கால் அடிக்குத் தடுப்பு, சுருள்வாள்.

சென்னையில் மூன்று வருடமாகச் சிலம்பம் கற்கிறேன். ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு எல்லாம் அங்கே நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். கைக்குள் பிடிக்கும் மான்கொம்பு என்ற ஆயுதம், காலுக்கு வரும் கம்பு அடியைத் தடுப்பது, சாட்டை போல வளையும் சுருள்வாள், இந்த மூன்றுதான் கிடைக்கவில்லை. தோழியின் பெரியப்பா, பாமணி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு வாத்தியார் இருக்கிறார், போய்க் கேட்டுப் பார் என்றார்.

வகுப்பு சாயங்காலம்தான். அதுவரை ராஜகோபாலசுவாமி கோயிலைச் சுற்றினேன். "மன்னார்குடி மதிலழகு" என்று சும்மா சொல்லவில்லை. அப்புறம் நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புக்குப் போனேன். வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஆடி மாதம், மூன்றிலும் தண்ணீர். கொஞ்ச நேரம் மதகின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

திடலில் பதினைந்து பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்கள். வாத்தியார் வயலிலிருந்து நேராக வந்திருந்தார், முழங்காலில் சேறு காயவில்லை. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்த தட்டை நீட்டினேன். வாங்குவதற்கு முன்பே கேட்டார்: "உங்க வாத்தியார்கிட்ட சொல்லிட்டு வந்தியாம்மா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன் ஐயா." அதற்குப் பிறகுதான் தட்டு அவர் கைக்குப் போனது.

கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆசானிடம் இதைக் கொடு என்று கேட்கக் கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது என்பதை அன்றுதான் கற்றேன். கால் அடிக்கு நாங்கள் சொல்லும் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அந்தப் பெயரில் அங்கே வேறொரு சுற்று இருக்கிறது. சிலம்பத்தில் ஊருக்கு ஊர், வாத்தியாருக்கு வாத்தியார் பெயர் மாறும்.

"பேரை விடும்மா. அடி எப்படி வாங்குனே, அதைக் காட்டு" என்றார்.

பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணை எதிரில் நிறுத்தினார். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கம்பை எடுத்தேன். மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் முன்காலின் கெண்டையில் பட்டது. வாத்தியார் என் கம்பைப் பார்க்கவே இல்லை. குனிந்து நான் நின்ற இடத்து மண்ணைப் பார்த்தார். பின்குதிகால் பதிந்து ஒரு சின்னக் குழி. உள்ளே ஈரம் தெரிந்தது.

"இந்தக் குழியிலேர்ந்து நீ எப்படிக் கிளம்புவே?"

எடை முழுவதும் பின்குதிகாலில் ஊன்றியிருந்தது. முன்காலை இழுத்தாலும் அது போய் நிற்க இடமில்லை. அதனால் இடுப்பை வளைத்து, குனிந்து கம்பைத் தாழ்த்தித் தடுக்கப் பார்த்திருக்கிறேன். கால் தப்பினாலும் தலை அடிக்கு வந்துவிடும். முழங்காலை இளக்கி, பாதத்தின் முன்பக்கத்தில் நிற்கச் சொன்னார். "பின்கையைக் காதுவரைக்கும் தூக்கு. நுனி தானா கீழே போகும்." தூக்கினேன். கம்பு காலுக்கு முன்னால் செங்குத்தாக இறங்கியது, முதுகு நிமிர்ந்தே இருந்தது. கையை உயர்த்தினால் நுனி தாழும் என்பது மூன்று வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை! நாற்பது தடவை செய்த பிறகு அந்தப் பெண்ணை மறுபடி வரச் சொன்னார். டக் என்று கம்பில் கம்பு மோதியது. அவள் சிரித்துவிட்டாள், நானும்தான்.

மான்கொம்பை ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்தார். எதிரெதிர்த் திசையில் நீட்டிய இரண்டு கொம்புகள், நடுவில் பிடி. பட்டறையில் அடித்த இரும்பு. ஒரு காலத்தில் உண்மையான வெளிமான் கொம்பில்தான் செய்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்கு வழியில்லை, அது நல்லதுதான். ஒரே ஒரு அடவு சொல்லித்தந்தார். வருகிற கம்பை முன்கொம்பில் வாங்கி, மணிக்கட்டைத் திருப்பி ஒதுக்கி, ஓரடி உள்ளே போக வேண்டும். கம்புக்குத் தூரம் வேண்டும், மான்கொம்புக்கு நெருக்கம் வேண்டும். உள்ளே போகவும் அதே முன்கால்தான், குதிகால் ஊன்றியிருந்தால் இதுவும் நடக்காது. முதலில் கால் அடியைச் சரிசெய்தது எதற்கு என்று அப்போது புரிந்தது.

சுருள்வாளுக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டார். "புள்ளைங்க நிக்கிற இடத்துல எடுக்கமாட்டேன். வீசுனவனையே திரும்பி வந்து கீறும் அது. அறுப்பு முடிஞ்சு களம் காலியாகட்டும், வா."

மறுநாள் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்கு பஸ் ஏறினேன். வெளிமானுக்காகவே 1967இல் அமைந்த சரணாலயம். புல்வெளியில் ஒரு ஆண், முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிய கொம்பு. சத்தம் கேட்டுத் தலையை மட்டும் திருப்பியது. கொம்பின் முறுக்கு வெயிலில் வளையம் வளையமாகத் தெரிந்தது. அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக்கு வந்ததும் வாத்தியாருக்கு போன் போட்டு, களம் எப்போது காலியாகும் என்று கேட்டேன். "தை கடைசியில வா, கம்பும் எடுத்துட்டு வா" என்றார்.