அறுபது டிகிரியில் ஒரு முயல்

பிப்ரவரி 4

இன்று முழுக்கச் சமையல்தான். ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வளர்த்த நொதியை வெளியே எடுக்கும் நாள். செல்களை உடைத்து எடுத்த சாறு மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது. அப்படியே 65 டிகிரி வாட்டர் பாத்தில் இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் பால் திரிவது மாதிரி திரிந்தது. ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள் வெந்து கட்டி கட்டியாகின்றன. கால் மணி நேரம் கழித்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதும் குழாயின் அடியில் வெள்ளைக் கட்டி, மேலே தெளிந்த இளமஞ்சள் நீர். நம் ஆள் அந்தத் தெளிவில் இருக்கிறார்.

ஆள் யாரென்றால், பிஎஸ்3 என்ற வெந்நீர் பாக்டீரியாவின் எஃப்1. செல்களின் எரிபொருளான ஏடிபியைத் தயாரிக்கும் இயந்திரம் ஏடிபி சிந்தேஸ், அதன் தலைப்பகுதி. இதைத் தனியாக எடுத்தால் தலைகீழாக வேலை செய்யும்: ஏடிபியைத் தயாரிக்காமல் உடைக்கும். 1975-ல் ககாவா, யோஷிதா குழுவினர் இந்த பாக்டீரியாவிலிருந்து ஏடிபி சிந்தேஸைப் பிரித்தெடுத்தார்கள். 1977-ல் அதன் எஃப்1-ஐத் துண்டு துண்டாகக் கழற்றித் திரும்பப் பூட்டியும் காட்டினார்கள். மாட்டு இதயத்து எஃப்1-ஐ ஐஸில் வைத்தால் உதிர்ந்துவிடும். இது ஐஸும் தாங்கும், வெந்நீரும் தாங்கும்.

பிப்ரவரி 6

நாள் வீண்.

நொதி ஒரு ஏடிபியை (ATP) உடைத்தால் ஒரு ஏடிபி (ADP, நடு எழுத்து T அல்ல D, அதாவது மூன்று பாஸ்பேட்டில் ஒன்று போய் இரண்டு மிஞ்சுவது) என்று எழுதத் தொடங்கினாலே குழப்பம். மிச்சப் பொருளை இங்கே ‘காலி’ என்றே சொல்கிறேன். குவெட்டில் (ஒளி அளக்கும் சின்னக் குப்பியில்) எஃப்1 கூடவே இரண்டு உதவி நொதிகள் இருக்கும். ஒன்று காலியைத் திரும்ப ஏடிபியாக நிரப்பி, பைருவேட்டை வெளியே தள்ளும். இரண்டாவது அந்தப் பைருவேட்டை லாக்டேட் ஆக்கும்போது என்ஏடிஎச்சைத் தின்னும். என்ஏடிஎச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் பொருள். அது குறையக் குறையத் திரையில் கோடு இறங்கும். கோடு எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு வேகமாக எஃப்1 ஓடுகிறது என்று அர்த்தம்.

25 டிகிரியில் அழகாக இறங்கியது. அதன் சொந்த ஊர்ச் சூட்டில் எப்படி ஓடுகிறது பார்ப்போமே என்று 60-க்கு ஏற்றினேன். கோடு அசையவில்லை. புதிதாகக் கலக்கினேன். அதே கதை. நேற்று முன்தினம் வாட்டர் பாத்தில் நானே கெடுத்துவிட்டேனோ என்று வயிற்றைக் கலக்கியது.

சென்செய் (எங்கள் பேராசிரியர்) எட்டிப் பார்த்தார். “25-ல் ஓடியதா?”
“ஓடியது.”
“அப்புறம் என்ன?” என்றபடி போய்விட்டார். அப்போது கோபம்தான் வந்தது.

பிப்ரவரி 9

ஞாயிறு. ரயிலேறி, ஜப்பானின் இசு தீபகற்பத்தில் கவாசு ஊருக்குப் போனேன். கூட்டமெல்லாம் செர்ரிப் பூவுக்கு. நான் போனது மினே வெந்நீர் ஊற்றுக்கு. 1926-ல் துளையிட்ட இடம். நூறு டிகிரி நீர் முப்பது மீட்டர் உயரத்துக்குப் பீறிடுகிறது. தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற இன்னொரு வெந்நீர் பாக்டீரியா கிடைத்தது இந்த மினேயில்தான். ஓஷிமாவும் இமாஹோரியும் 1974-ல் அறிவித்தார்கள். 85 டிகிரி வரை வளரும் பிராணி.

அங்கேயே முட்டை வாங்கி, கூடையில் போட்டு அந்த நீரிலேயே அவித்துத் தின்னலாம். இரண்டு தின்றேன். உப்பு போதவில்லை.

பிப்ரவரி 10

உதவி நொதிகளின் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மூலம்: முயல் தசை.

முயலின் உடம்புச் சூடு நாற்பதைத் தாண்டாது. அதன் தசையிலிருந்து எடுத்ததை 60 டிகிரியில் போட்டு, வேலை செய் என்றால்? நேற்று உரித்துத் தின்ற முட்டையாவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

சரி, சந்தேகம் தீர ஒரு சோதனை. எஃப்1 போடாமல், ‘காலி’யை நேராக ஊற்றினேன். உதவியாளர்கள் உயிரோடு இருந்தால் கோடு சரசரவென்று விழ வேண்டும். 25-ல் விழுந்தது. 60-ல் ஐந்து நிமிடம் வைத்தபின் ஊற்றினால், ஒன்றுமில்லை. செத்தது முயல். நம் ஆள் அதே குவெட்டில் தன்பாட்டுக்கு ஏடிபியை உடைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், கணக்கெழுத ஆளில்லாமல்.

சென்செய் கேட்டதும் இதைத்தான் போல.

பிப்ரவரி 13

முயல் இல்லாத வழி: ஒரு நிமிடம் ஓடவிட்டு, அமிலத்தால் நிறுத்தி, உதிர்ந்த பாஸ்பேட்டை மாலக்கைட் கிரீன் சாயத்தால் அளப்பது. மஞ்சள் கரைசல் பச்சையாகும். அமிலத்தில் ஏடிபி தானாகவும் கொஞ்சம் உடையும், அதனால் நொதியில்லாத குழாய் ஒன்று பக்கத்திலேயே வேண்டும். 25 டிகிரிக் குழாய்கள் கிளிப்பச்சை. 60 டிகிரிக் குழாய்கள் கருவி அளக்க முடியாத கரும்பச்சை, நொதியை நீர்க்கவைத்துத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. விரல் நுனியில் இன்னும் பச்சை போகவில்லை.

பிப்ரவரி 18

மைக்ராஸ்கோப் அறை. இருட்டு, குளிர்.

எஃப்1-ஐக் கண்ணாடியில் ஒட்டி, நடுத்தண்டான காமாவின் நுனியில் நுண்ணிய பாசிமணி ஒன்றைக் கட்டிவிட்டால் தண்டு சுற்றுவதை நேரிலேயே பார்க்கலாம். 1997-ல் நோஜி, யசுதா, யோஷிதா, கினோஷிதா நால்வரும் மணிக்குப் பதில் ஒளிரும் ஆக்டின் புரத இழையைக் கட்டி இதைக் காட்டினார்கள். அதே வருடம்தான் பாயருக்கும் வாக்கருக்கும் நோபல். சுற்றும் என்று பாயர் சொன்னார், மாட்டு எஃப்1-இன் அமைப்பை வாக்கர் வரைந்தார், சுற்றிக் காட்டியது வெந்நீர் பாக்டீரியா. பாடப்புத்தகங்கள் சுழலும் படத்தைப் போடும்போது அது யாருடைய நொதி என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. எனக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு.

ஏடிபியை மிகக் குறைவாக விட்டேன். முக்கால்வாசி மணிகள் சும்மா நடுங்கின. மாலை நான்கு மணிக்கு ஒன்று மாட்டியது. இடஞ்சுழியாக ஒரு தாவல், நிற்றல், ஒரு தாவல், நிற்றல். மூன்று தாவலில் ஒரு சுற்று, தாவலுக்கு 120 டிகிரி.

திடீரென்று நின்றுவிட்டது. பக்கத்து மேசைப் பையன் வேறு மணி தேடலாம் என்றான். வேண்டாம் என்றேன். காலி ஒட்டிக்கொண்டு விடாமல் இருக்கும்போது இப்படி நிற்பது இதன் வழக்கம், சராசரியாக அரை நிமிடம். வாய்க்குள் எண்ணினேன். நாற்பத்தொன்றில் மறுபடி தாவியது.