பிள்ளைக்காகக் காத்திருந்த ஆண்டுகளில்

திருமணமாகிச் சில ஆண்டுகள் ஆகியும் பிள்ளைப்பேறு கிட்டாததால், நானும் என் கணவரும் மருத்துவப் பரிசோதனைகளுக்குச் செல்லத் தொடங்கினோம். தெளிவான காரணம் எதுவும் தென்படவில்லை என்றே மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் கூறினர். சிகிச்சைகளைப் பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. அந்த ஆண்டுகளில் என் விசுவாசம் என்ன ஆனது என்பதையே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்களைத் தேற்ற வந்தவர்கள் பெரும்பாலும் வேதத்தில் முதிர்வயதில் பிள்ளை பெற்ற ஆபிரகாமையும் அவர் மனைவி சாராளையும் நினைவூட்டினார்கள். ஆபிரகாம் தன் தேசத்தைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. கர்த்தர் வாக்களித்த மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. ஆனால் ஆதியாகமத்தை நிதானமாக வாசித்தபோது என்னை நிறுத்தியது வேறொரு கணக்கு: அதற்குமுன் பணிப்பெண் ஆகாரிடத்தில் மகன் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது, கர்த்தர் மறுபடியும் தரிசனமானபோது 99. இடைப்பட்ட 13 ஆண்டுகளைக் குறித்து வேதம் எதுவுமே சொல்லவில்லை. தேவன் பேசாத நீண்ட காலங்கள் விசுவாசிகளின் தகப்பன் எனப்படும் ஆபிரகாமுக்கும் இருந்தன என்பது எனக்குப் பெரிய ஆறுதலாயிற்று. அதே வேளையில், அவருக்குக் கொடுக்கப்பட்ட வாக்குத்தத்தம் எனக்குக் கொடுக்கப்பட்டதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளை தருவேன் என்று கர்த்தர் எனக்கு எங்கும் வாக்களிக்கவில்லை. அப்படியானால் எதைப் பற்றிக்கொண்டு காத்திருப்பது?

அதற்கான பதில் யோவான் சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தில் மெல்ல மெல்லத் திறந்தது. லாசருவின் குடும்பத்தாரிடம் இயேசு அன்பாயிருந்தார் என்று ஒரு வசனம் சொல்கிறது. அவன் வியாதியாயிருப்பதைக் கேள்விப்பட்டும் அவர் இன்னும் இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கினார் என்று அதை அடுத்த வசனம் சொல்கிறது. அன்பும் தாமதமும் இப்படி அருகருகே நிற்பதை நான் அதுவரை கவனித்து வாசித்ததே இல்லை. தாமதிக்கிறார் என்றால் மறந்துவிட்டார் என்றோ, கோபமாயிருக்கிறார் என்றோதான் என் மனம் உடனே பொருள்கொள்ளும். லாசருவின் ஊரான பெத்தானியாவுக்கு அவர் வந்து சேர்ந்தபோது லாசருவைக் கல்லறையில் வைத்து நான்கு நாட்களாகியிருந்தன. "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று லாசருவின் சகோதரி மார்த்தாள் சொன்னாள். மற்றொரு சகோதரி மரியாளும் அதையே சொன்னாள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாள் அழுவதைக் கண்டு கலங்கி, தாமும் கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர், அந்த நேரம் வருவதற்கு முன்னே அழுகிறவளோடு நின்று அழுதார் என்பதில்தான் என் நம்பிக்கை வேரூன்றியது. எனக்கு என்ன நேரும் என்பது தெரியாமலிருக்கலாம். காத்திருப்பில் என்னோடு இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்திருந்தது.

அதன்பின் என் ஜெபம் மாறியது. 13ஆம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்பதைப்போல நானும் மறைக்காமல் கேட்டேன். தன் மாம்சத்தில் முள்போல் வருத்திய வேதனையை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்ட அப்போஸ்தலனாகிய பவுலுக்கு அந்த முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே கிடைத்தது என்பதையும் பயமின்றி வாசிக்க முடிந்தது. விசுவாசத்தின் பரீட்சை பொறுமையை உண்டாக்கும் என்று யாக்கோபு எழுதியது என்னில் நடந்தது உண்மை. ஆனால் அது நடந்துகொண்டிருந்தபோது வளர்ச்சியாகத் தோன்றவே இல்லை, வெறும் களைப்பாகவே தோன்றியது. சபையில் ஒரு குழந்தையைப் பிரதிஷ்டை செய்த நாளில், அதன் தாய்க்காக மனப்பூர்வமாக ஜெபித்தபோதுதான் எனக்குள் ஏதோ மாறியிருப்பதை உணர்ந்தேன்.

எங்களுக்கு இதுவரை பிள்ளை இல்லை. சிகிச்சையை நிறுத்துவதென்று நாங்கள் இருவரும் ஜெபத்தோடு கலந்துபேசி முடிவெடுத்தோம்; அந்த முடிவில் சமாதானம் இருக்கிறது; ஆனால் துக்கம் முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். இதே பாதையில் நடக்கும் பெண்கள் இப்போது ஜெபத்துக்காக என்னிடம் வருகிறார்கள். ஏற்ற வேளையில் எல்லாம் நடக்கும் என்று அவர்களிடம் நான் அவசரப்பட்டுச் சொல்வதில்லை. அவர்களோடு 13ஆம் சங்கீதத்தை வாசிக்கிறேன். அதில் ஆறு வசனங்களே உள்ளன. ஆயினும் சிலருக்கு முதல் இரண்டு வசனங்களைத் தாண்டிச் செல்லப் பல வாரங்கள் ஆகின்றன, நானும் அவர்களை அவசரப்படுத்துவதில்லை.