கடைசி பெஞ்சில் ஒருவர்

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இருபது மாணவர்களைப் பிரித்துக் கொடுத்து, இவர்களுக்கு நீங்கள்தான் வழிகாட்டி என்றார்கள். ஆளுக்கொரு படிவம்: தந்தையின் தொழில், வருகைப் பதிவு, அரியர் எத்தனை, சந்தித்த தேதி, கையெழுத்து. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வந்தால் எத்தனை மாணவருக்கு ஒரு வழிகாட்டி என்று கேட்பார்களாம். புதிதாக வந்த ஆசிரியருக்கு வழிகாட்டி யார் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

புதிய ஆசிரியர்களுக்கென்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒரு மாத அறிமுகப் பயிற்சி வைத்திருக்கிறது. 2019-இல் அதற்குக் ‘குரு தட்சதா’ என்று பெயரும் வைத்தது. நானும் போய்வந்தேன். சான்றிதழ் பதவி உயர்வுக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

எனக்கு வாய்த்தவர், ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே இருந்த பக்கத்து நாற்காலி மேடம். யாரும் நியமிக்கவில்லை. வகுப்பில் சத்தம் அடங்கவில்லை என்று ஒருநாள் புலம்பினேன். மறுநாள் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைக் கையில் கொடுத்தார். “17 முறை ‘புரிகிறதா’ என்று கேட்டீர்கள். ஒருமுறைகூடப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.” அவ்வளவுதான். பாராட்டு என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வகுப்பில் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு ஒரு பெண் எழுந்து, “போன வாரம் நடத்தியதே புரியவில்லை, மேடம்” என்றாள்.

இன்னொரு உதவி வேறு வகை. தோழியும் நானும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார் ஒரு மூத்தவர். ஒரு வரி படித்தவரில்லை. மறுக்கும் துணிவு எனக்கு இல்லை. மேடம் 2018 யுஜிசி விதிமுறையைத் திறந்து, ஆசிரியர்களின் ஆய்வுக்கான மதிப்பெண் அட்டவணையைக் காட்டினார். இருவர் எழுதினால், கட்டுரைக்குரிய மதிப்பெண்ணில் ஆளுக்கு 70 விழுக்காடு. மூன்றாவது பெயர் ஏறினால் முதன்மைக் கட்டுரையாளருக்கு 70, இணைக் கட்டுரையாளர்களுக்கு ஆளுக்கு 30. “உங்கள் பெயர் கூடாது என்று சொல்லாதீர்கள். தோழிக்குப் பாதிக்கு மேல் போய்விடும் என்று சொல்லுங்கள்.” சொன்னேன். மூத்தவர் முகம் சுளித்தாலும் விட்டுவிட்டார். நேர்மையான மறுப்புக்குக்கூட விதியின் துணை தேவைப்பட்டது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

மேடம் ஓய்வுபெற்றுப் போனார். இந்த ஜூனில் எங்கள் துறைக்கு ஓர் இளைஞர் வந்தார். ஒருநாள் உங்கள் வகுப்பில் வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. “என்மேல் ஏதாவது புகாரா, மேடம்?”

வியாழக்கிழமை இரண்டாம் ஆண்டு வகுப்பு எனக்கு. நீங்கள் வந்து என் கடைசி பெஞ்சில் உட்காருங்கள் என்று சொல்லி, ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.