பூப்பந்தில் எந்தப் பந்து யாருடையது?

பூப்பந்து (பால் பேட்மிண்டன்) ஆடப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பந்தை வேகமாக அடிப்பது எப்படி என்பதைத்தான். அதற்கும் முன்னதாகக் கற்க வேண்டியது ஒன்று உண்டு: வருகிற பந்து தன்னுடையதா, பக்கத்தில் நிற்பவருடையதா என்பதை நொடிப்பொழுதில் முடிவு செய்யும் பழக்கம். தஞ்சை அரச குடும்பத்தினர் 1856-லேயே ஆடியதாகச் சொல்லப்படும் இந்த ஆட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆடுகளம் 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்டது. நடுவில் கட்டப்படும் வலை இரு கம்பங்களிலும் 183 சென்டிமீட்டர் உயரமும், மையத்தில் 180 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். ஆக, ஓர் அணியின் ஐந்து பேரும் சேர்ந்து காக்க வேண்டிய பரப்பு 144 சதுர மீட்டர். பந்து மஞ்சள் கம்பளி நூலால் ஆனது. எடை 30 கிராமைத் தாண்டாது. அது தரையைத் தொடுவதற்குள் திருப்பியடிக்க வேண்டும்.

கைப்பந்தில் மூன்று தொடுதல் வரை அனுமதி உண்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் அடிக்கலாம். பூப்பந்தில் ஓர் அணிக்கு ஒரே அடிதான். மட்டையில் அரைகுறையாகப் பட்ட பந்தைத் தோழர் காப்பாற்ற வழியில்லை. ஆகையால், இருவருக்கு நடுவே வரும் பந்துக்கு இருவரும் பாய்ந்தாலும் கெடுதல், இருவரும் விட்டுவிட்டாலும் கெடுதல். “நான்!” என்றோ “விடு!” என்றோ உரக்கக் குரல் கொடுக்க வெட்கப்படுகிற அணி, எவ்வளவு திறமை இருந்தாலும், எளிய புள்ளிகளைத் தொடர்ந்து இழந்துகொண்டேயிருக்கும்.

வழக்கமாக முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர் என நிற்பார்கள். முன்னால் நிற்பவர்கள் வலையோரம் விழும் பந்துகளைக் கவனிக்க வேண்டும். தலைக்கு மேல் போகும் பந்துக்குப் பின்வாங்கி ஓடும் ஆசையை அவர்கள் அடக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் அந்தப் பந்தை முன்னோக்கி வந்து அடிக்கிற வசதி பின்னவர்களுக்கே இருக்கிறது. நடுவில் நிற்பவரின் வேலைதான் மிகக் கடினமானது என்று நினைக்கிறேன்: மற்ற நால்வரின் எல்லையும் அவருடைய எல்லையோடு உரசுகிறது, எதிரணியும் பெரும்பாலும் அந்த இடைவெளிகளையே குறிவைக்கும். அந்த இடத்துக்கு அணியின் வலுவான அடிகாரரை விட, பந்தின் போக்கை முன்கூட்டியே ஊகிப்பவரைத் தேர்ந்தெடுப்பேன்.

சர்வீஸ் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, புள்ளி விழ விழ இடமும் வலமுமாக மாறும். பாதங்கள் தரையில் இருக்க, இடுப்புக்குக் கீழே பந்தைச் சந்தித்து, வலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியுள்ள கோட்டுக்கு அப்பால் குறுக்காக விழும்படி அடிக்க வேண்டும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவர் வெற்றி பெறுவார். ஓர் ஆட்டத்தை வெல்ல எடுக்க வேண்டிய புள்ளிகள் முன்பு 29, இப்போது 35.

கம்பளிப் பந்தை மட்டையின் நரம்பு பற்றிக்கொள்வதால், மணிக்கட்டைத் திருப்பி வெட்டியடித்தால் பந்து சுழன்று திசை மாறும். திறந்தவெளியில் காற்றும் சேர்ந்துகொள்ளும்போது, யாரை நோக்கி வருவதாகத் தோன்றிய பந்தும் கடைசி நேரத்தில் அடுத்தவரிடம் போகக்கூடும். இதற்குப் பயிற்சியாக நான் பரிந்துரைப்பது எளிது. ஐந்து பேரும் தத்தம் இடத்தில் நிற்க, வலைக்கு அப்பாலிருந்து ஒருவர் ஆட்களுக்கு இடையிலேயே பந்தை வெட்டி அனுப்ப வேண்டும். முதலில் குரல் கொடுத்தவர் மட்டுமே அடிக்கலாம், குரல் கொடுக்காமல் அடித்த பந்து எவ்வளவு நன்றாகப் போனாலும் கணக்கில் சேராது.