ஹாலேயில் ஒரு பொறையார்க்காரி

பொறையாரில் வளர்ந்தவர்களுக்கு, முந்நூறு ஆண்டுக்கு முன் ஜெர்மனியிலிருந்து பக்கத்துத் தரங்கம்பாடிக்கு மதம் பரப்ப வந்த சீகன்பால்கு ஒரு மனிதர் அல்ல, வழி சொல்ல உதவும் அடையாளம். "சிலைக்குப் பக்கத்தில் நில், வந்துவிடுகிறேன்" என்போம். தரங்கம்பாடிக் கோட்டைக்கும் கடற்கரைக்கும் சைக்கிள் மிதித்த காலத்தில் அந்தச் சிலையை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்த நினைவில்லை. அவர் படித்த ஹாலே, நான் பதினான்கு மாதமாகக் குடியிருக்கும் ஜெர்மனியின் மாக்டபுர்க்கிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பதை அப்பா தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு போகவில்லையா?" என்று அவர் கேட்ட தொனியில், நான் ஏதோ உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போகாமல் விட்டதுபோல ஒரு குற்றச்சாட்டு இருந்தது.

போகும் மனநிலையில் நான் இல்லை. அந்த வாரம்தான் ஜெர்மன் மொழியின் இடைநிலைத் தேர்வான பி1 முடிவு வந்திருந்தது. எழுதுவதில் தேறினேன், வாசிப்பதில் தேறினேன், பேசுவதில்கூடத் தப்பித்தேன். கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் தோல்வி. எனக்கு வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, ஆய்வகத்திலும் ஆங்கிலம். வெளியே கடைக்காரர் வாயைத் திறந்தால், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிய இட்லி மாதிரி வந்து விழும். எங்கே பிரிப்பது என்று யோசிப்பதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

கல்லூரியில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா ஹாலேயில் படிக்கிறார். "அழுவதாக இருந்தால் இங்கே வந்து அழு, ரசம் வைத்துத் தருகிறேன்" என்றார். நவம்பர் மாதச் சனிக்கிழமை, பனிமூட்டம் விலகாத காலையில் கிளம்பினேன். வழியில் கோத்தன் என்றொரு நிலையம். இசைமேதை பாக் 1717 முதல் 1723 வரை வேலை பார்த்த ஊர். ரயில் இரண்டு நிமிடம் நின்றது. ஒருவர் சைக்கிளோடு ஏறினார். கோத்தனைப் பற்றி நான் அறிந்தது அவ்வளவுதான்.

ஹாலே உப்பால் பிழைத்த ஊர். சாலே ஆற்றங்கரையில் உப்பு நீர் ஊற்றுகள் இருந்தன. அந்த நீரைக் காய்ச்சி உப்பெடுத்தவர்களுக்கு ஹாலோரன் என்று பெயர். ஊர்க்காரர்கள் ஒரு வேடிக்கை சொல்வார்கள்: ஹாலேயில் மூன்று வகை மனிதர்கள் உண்டு, இங்கே பிறந்த ஹாலென்சர், உப்புக் காய்ச்சிய ஹாலோரன், மிச்சமுள்ள ஹாலுங்கன். கடைசிச் சொல்லுக்குப் போக்கிரிகள் என்று பொருள். அக்கா தன்னை மூன்றாம் வகை என்று பெருமையாக அறிமுகம் செய்துகொள்கிறார்.

அவர் அறை இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹாலே நோய்ஷ்டாட்டில். 1964இல் கிழக்கு ஜெர்மனி அரசு வேதியியல் ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கிய புதுநகரம். வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிய அடுக்குமாடிகள். அந்தக் காலத்தில் தெருக்களுக்குப் பெயர் கிடையாதாம், எல்லாம் எண்கள்தான். ஊர்ப் பெயரைச் சுருக்கி "ஹா-நோய்" என்கிறார்கள். வியட்நாம் தலைநகர் என்று நினைத்து நான் ஒரு நிமிடம் குழம்பினேன்.

சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் நெப்ரா வான் தட்டுக்குப் போனது. 1999இல் உலோகங்காட்டிக் கருவியோடு திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் கையில் அகப்பட்டு, 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காவல்துறை மீட்ட வெண்கலத் தட்டு. சுமார் 3600 ஆண்டுப் பழமை. படத்தில் பார்த்துப் பெரிதாகக் கற்பனை செய்திருந்தேன். விட்டம் 32 சென்டிமீட்டர்தான், எங்கள் வீட்டுத் தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. இருட்டறையில் பச்சை படிந்த வட்டம், அதில் தங்கத்தில் பிறை, ஒரு முழு வட்டம், சிதறிய புள்ளிகள். நடுவில் ஏழு புள்ளிகள் மட்டும் நெருக்கமாகக் கூடி நிற்கின்றன. அது கார்த்திகை என்கிறார்கள். நாம் ஆறு என்று எண்ணுவதை அவர்கள் ஏழாக எண்ணியிருக்கிறார்கள். "ஒன்று கூடுதலாக இருக்கிறதே" என்று நான் முணுமுணுத்தது, பக்கத்தில் நின்றவருக்குப் புரியாமல் போனது நல்லதுதான்.

அங்கிருந்து, சீகன்பால்குவைத் தேடி, ஃபிராங்கே என்ற பாதிரியார் நிறுவிய அறக்கட்டளை வளாகத்துக்குப் போகும்போது மூடும் நேரம். நாளை வழிகாட்டியோடு சுற்றிக்காட்டுவார்களா என்று கேட்டேன். "ஹால்ப் எல்ஃப்" என்றார் முகப்பில் இருந்த அம்மையார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஹால்ப் எல்ஃப் என்றால் பாதி பதினொன்று. அதாவது பதினொன்றில் பாதிதான் ஆகியிருக்கிறது. நம் கணக்கில் பத்தரை. பாடப் புத்தகத்தில் படித்து, பயிற்சி எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியதுதான். ஆனால் காதில் விழுந்தபோது அது பதினொன்றரை ஆகிவிட்டது. ஞாயிறு காலை நிதானமாக இட்லி தின்று, கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்த தெருக்களில் நடந்து, சந்தைச் சதுக்கத்தில் ஹேண்டல் சிலையைப் படம் பிடித்து (1685இல் இந்த ஊரில் பிறந்தவர்), மாதா கோயிலின் நான்கு கோபுரங்களையும் தனியே நிற்கும் சிவப்புக் கோபுரத்தையும் சேர்த்து ஐந்தென்று எண்ணிச் சரிபார்த்து, பதினொன்றேகாலுக்குப் போய் நின்றேன். கூட்டம் முக்கால் மணி நேரம் முன்பே உள்ளே போய்விட்டிருந்தது. தேர்வில் தோற்றது போதாதென்று மறுதேர்விலும் தோல்வி.

முகத்தைப் பார்த்தே அந்த அம்மையார் புரிந்துகொண்டார். தனியாகவே பார்க்கலாம் என்று சீட்டைக் கொடுத்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். தென்னிந்தியா என்றேன். இந்த நாட்டில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அவர் கேட்டார். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் என்றேன், வழக்கம்போல ஒரு வெற்றுப் பார்வையை எதிர்பார்த்து.

"ட்ராங்கெபார்!" என்றார். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

பதினான்கு மாதத்தில் என் ஊரைத் தெரிந்த முதல் ஜெர்மானியர். பொறையாரில் முதல் காகித ஆலை நடத்தியவர்களின் கடிதங்களே இங்கே இருக்கின்றன என்றார். மெதுவாக, சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பேசினார். பெரும்பாலும் புரிந்தது.

1698இல் ஃபிராங்கே அடிக்கல் நாட்டிய அநாதை இல்லம் அது. முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். பின்னால் ஆறு மாடியில் நூறு மீட்டருக்கு மேல் நீளும் மரச்சட்டக் கட்டடம். மேல்மாடியில் அதிசயப் பொருள்களின் அறை: வண்ணம் தீட்டிய அலமாரிகள், கூரையிலிருந்து தொங்கும் முதலை. ஓர் அலமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் பனையோலை.

எனக்குத் தெரிந்த எழுத்துகள்தான். ஆனால் வாசிக்க முடியவில்லை. புள்ளி இல்லை; க எங்கே, க் எங்கே என்பது நம் பொறுப்பு. எ, ஏ வேறுபாடும் இல்லை. சொற்களுக்கு இடையே இடைவெளியும் கிடையாது, ஒரே ஓட்டம். நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். "முதல்" என்ற ஒரு சொல் மட்டும் அகப்பட்டது; அதுவும் "முதலி"யின் முன்பாதியாக இருக்கலாம். தாய்மொழியிலும் எனக்கு இந்தப் பிரிக்கும் சிக்கல்தான் என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது.

சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய 24. எனக்கும் அதே வயது. ஹாலேயில் தொடங்கிய படிப்பை உடல்நலக் குறைவால் தொடர முடியாதவர். கையில் தமிழ் அகராதி கிடையாது, வகுப்பு கிடையாது. ஒரு வயதான வாத்தியாரின் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் அ, ஆ எழுதினார். இரண்டே ஆண்டில், 1708இல், தன்னிடம் இருந்த தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதினார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள். எனக்கு ஹால்ப் எல்ஃப் வரவில்லை.

அவர் மதம் மாற்ற வந்தவர், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த வேலைக்கு வேண்டியதைவிட எவ்வளவோ அதிகமாகப் படித்துவிட்டார். நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி இங்கே அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கருதி ஹாலேயில் அச்சிடவில்லை. 1867இல்தான் வெளிவந்தது, அதுவும் சென்னையில். அச்சென்றதும் ஒன்று: தமிழில் முதல் அச்சு தரங்கம்பாடியில்தான் என்று எங்கள் ஊரில் அடித்துச் சொல்வார்கள். தவறு. 1578இலேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டது.

ஆனாலும் அவருடைய முதல் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டது இந்த ஹாலேயில். தமிழ் தெரியாத கைகள், அனுப்பிய படத்தைப் பார்த்துச் செய்தவை. கப்பலில் வந்து சேர்ந்தபோது எழுத்துகள் மிகப் பெரியவை, தாளைத் தின்றன. பிறகு தரங்கம்பாடியிலேயே, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை உருக்கிச் சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். அதில்தான் 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். மாடியில் நின்று ஊரின் ஐந்து கோபுரங்களைப் பார்த்தபோது என் மனத்தில் கோபுரங்கள் இல்லை, மலையப்பன் இருந்தார். 1714இல் சீகன்பால்குவோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய தமிழ் இளைஞர். ஹாலேவரை வந்தவர். நவம்பரில் இந்தக் குளிரை எதை உடுத்திச் சமாளித்தாரோ! அவரிடம் "எந்த ஊர்" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்!

சுவடிக்காப்பகம் வார நாட்களில் மட்டும், முன்பதிவு செய்தால்தான். அடுத்த முறை. கீழே இறங்கியதும் அந்த அம்மையார் ஒரு துண்டுத் தாளை நீட்டி ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னார். தரங்கம்பாடி என்று எழுதினேன். 'ம்' மேலிருந்த புள்ளியைத் தொட்டு, இது எதற்கு என்றார். அந்த எழுத்தில் உயிர் இல்லை, மெய் மட்டும் என்று சொல்ல முயன்றேன். என் ஜெர்மனில் அது "இந்த எழுத்து செத்துவிட்டது" என்று வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

இரவு அப்பாவுக்கு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். மறுநாள் காலை அவரும் ஒன்று அனுப்பியிருந்தார். வண்டியை நிறுத்தி எடுத்த படம்: சீகன்பால்கு சிலை, அதன் பீடத்து நிழலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஒரு வெள்ளாடு. "அங்கே பார்த்தாயே, இங்கே எப்படி இருக்கிறார் பார்" என்று எழுதியிருந்தார்.