அப்பாவின் விசா முந்தியா, பையனின் டிரயல்ஸ் முந்தியா?

குமரி மாவட்டத் தூத்தூரிலிருந்து நீரோடி வரை, மாநில எல்லை தாண்டிக் கேரளத்துப் பொழியூரிலும், கடற்கரை மணலில் பந்து உதைத்துத்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். "வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது வந்தால், பணம் எடுப்பதற்கு முன், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஆட்டக்காரர் மாற்ற விதிமுறையில் 19ஆவது விதியைப் படியுங்கள். 18 வயது நிறையாதவரை நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது. வெளிநாட்டில் முதன்முறையாகப் பதிவு செய்யும் பிள்ளைக்கும் அதே தடைதான்.

விலக்குகள் உண்டு. 16 முதல் 18 வயதுக்கானது ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு, நமக்கு உதவாது. எல்லையோர விலக்கில் வீடும் கிளப்பும் எல்லையிலிருந்து தலா 50 கி.மீ.க்குள் இருக்க வேண்டும், பிள்ளை வீட்டிலேயே தங்க வேண்டும். "நாமளும் பார்டர்தானே" என்று கேட்காதீர்கள், அது நாட்டு எல்லை. நீரோடிப் பையன் பொழியூரில் ஆடுவது உள்நாட்டுப் பதிவு விவகாரம்.

நமக்குப் பெரும்பாலும் பொருந்துவது ஒன்றுதான்: கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்வது. கல்ஃபில் கம்பெனி வேலையில் இருக்கும் அப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொள்கிறார், பையன் அங்கே ஒரு கிளப்பில் சேர்கிறான். அப்போது அப்பாவின் வேலை ஒப்பந்தம், குடியிருப்பு அனுமதி, வீட்டு வாடகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், எல்லோருடைய பாஸ்போர்ட் நகலும் வேண்டும். தமிழில் உள்ளதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையுங்கள். விண்ணப்பத்தைப் பெற்றோர் போட முடியாது. அந்த நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம்தான் ஃபிஃபாவுக்கு அனுப்பும். சான்றிதழில் 'ஜா.' என்று இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

காகிதத்தைவிடத் தேதிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பையன் மார்ச்சில் டிரயல்ஸ் (கிளப்பின் தேர்வு ஆட்டம்) ஆடி, அப்பாவுக்கு ஜூனில் வேலை கிடைத்திருந்தால், பந்துக்காகத்தான் வேலை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. வேலை கொடுத்ததே கிளப் என்றால் இன்னும் மோசம். பெற்றோர் ஊரிலேயே இருக்க, "அங்கே சித்தப்பா இருக்கார், கார்டியன் பேப்பர் போட்டுக்கலாம்" என்பதை நம்பிப் பையனை விமானம் ஏற்றாதீர்கள். விதி சொல்வது பெற்றோரை.

மீறினால் கிளப் தண்டனை கட்டிவிட்டுப் போய்விடும். 2014இல் ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்புக்கு இரண்டு டிரான்ஸ்ஃபர் பருவங்களில் புது ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தடை, 4,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். அந்த விவகாரத்தில் சிக்கிய கொரியப் பையன் லீ சுங் வூ, 2016 ஜனவரியில் 18 ஆகும்வரை கிளப்பின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் இறங்க முடியவில்லை. பதின்பருவத்தில் ஆட்டம் இல்லாமல் போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

ஏஜெண்ட் வந்தால் ஃபிஃபா உரிமம் கேளுங்கள். பெயர் அவர்களுடைய இணையப் பட்டியலில் இருக்க வேண்டும். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர் பையனிடம் நேராகப் பேசவே கூடாது. "சர்வதேச மாற்றுச் சான்றிதழுக்கு இவ்வளவு ஆகும்" என்று தொகை சொன்னால் பேச்சை அங்கேயே முடியுங்கள். நாடு மாறும் ஆட்டக்காரருக்காக ஒரு நாட்டுச் சம்மேளனம் இன்னொன்றுக்குத் தரும் தாள் அது. விதிப்படி அது இலவசம்.